பழைய சாமான் மூலையை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைக்கலாமா?

கரைவலை:

மண்டபத்துக்குப் பக்கத்தில், வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்துக்குப் பின்னால், வலைக் கொட்டகைக்கும் உடைமரங்களுக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டு. ஓட்டை விழுந்த ஒரு வத்தை (சிறு படகு), அறுந்த வலை, மிதவைகள், உடைந்த ஐஸ் பெட்டி, நைலான் கயிறு, டீசல் கேன், பிவிசி குழாய் என்று ஊரார் கழித்ததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளிக்கூடத்துக்கும் அதே சமயத்தில் விடுமுறை. ஆகவே கோடையில் அந்த மூலையில் சாமானும் பெருகும், பிள்ளைகளும் பெருகுவார்கள்.

இப்போது அந்த இடத்தைச் சுத்தமாக வழித்தெடுத்து, பேவர் கல் பதித்து, இரும்புச் சறுக்குமரமும் ஊஞ்சலும் சீசாவும் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ஊர்க்கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. பூங்கா வேண்டாம் என்று எவர்தான் சொல்வார்?

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நேற்று மாலை அங்கே போய்ச் சும்மா நின்றேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி வத்தையின் முன்முனையான அணியத்தில் ஏறி நின்று மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் மூடியில் சிப்பிகள் பரப்பியிருந்தன. பெரிய சிப்பி சீலா, நீண்டது ஊளி, நொறுங்கிக் கிடந்ததெல்லாம் காரல். பூவரச இலைதான் பணம். நம் ஏலக்காரர் எப்படி யார் முகத்தையும் பார்க்காமல் கடகடவென்று விலையை ஏற்றிக்கொண்டே போவாரோ, அப்படியே செய்தாள். ஒரு பையன் இலையை நீட்டினான். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிழிந்த நோட்டு செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவன் கடனுக்குக் கேட்டான். "போன வாரக் கணக்கை முதலில் முடி" என்றாள்.

சறுக்குமரத்தில் இந்த ஆட்டத்தை எங்கே வைத்து ஆடுவாள்? உங்கள் ஊர்களில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

நீங்கள் எழுதியது படிக்க அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. மதுரையில் என் தங்கை குடியிருக்கும் பகுதியில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், மரநிழல், உட்கார பெஞ்சு எல்லாம் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் உடைந்த ஐஸ் பெட்டியும் ஓட்டை வத்தையும் போதுமா? அதற்குக் கற்பனை வளம் என்று பெயரும் சூட்டிவிட்டால், செலவு செய்ய வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

போன வருடம் என் மகன் பாதத்தில் துருப்பிடித்த ஆணி ஏறியது. ஊசி போட்டுக் கட்டுக்கட்டி நொண்டிக்கொண்டு திரிந்தான். அந்த மூலையை எடுத்துவிடுங்கள் என்று ஊரில் முதலில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

கீழக்கரைக் காக்கா:

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். என் பிள்ளைகள் இங்கே குளிரூட்டப்பட்ட விளையாட்டுக் கூடத்தில் பணம் கட்டி மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள். அரைமணி நேரத்தில் சலித்துப்போய்க் கைப்பேசியைக் கேட்கிறார்கள்.

எங்கள் காலத்தில் நுங்கு வண்டிதான். நுங்கு தோண்டிய பனங்காய் இரண்டை எடுத்து, குச்சியை அச்சாகச் செருகி, கவட்டைக் கம்பால் அந்த அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். வெட்டிய அன்றைக்கே ஓட்டினால்தான் ஓட்டம். காய்ந்து சுருங்கினால் அச்சு கழன்று சக்கரம் ஆட ஆரம்பித்துவிடும். ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி வட்டமடிக்கும். நேராக ஓட வேண்டுமானால் சோடி பார்த்துக் காய் பொறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வண்டி இரண்டு முறை முள்வேலிக்குள் போனால் தானாகத் தெரிந்துவிடும். பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் வேறொரு வகைச் சக்கரம். அதற்கு வீட்டில் அடி விழும், ஏனென்றால் அந்தச் செருப்பு பெரும்பாலும் பழையதாக இருக்காது.

உப்புக்காற்று:

காக்கா, நுங்கு வண்டியை நான் எதிர்க்கவில்லை. பனங்காயில் ஆணி இருக்காது.

பாம்பன் வாத்தியார்:

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் உப்புக்காற்று அம்மா ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்புச் சறுக்குமரம் எத்தனை காலம் தாங்கும் என்பது உங்கள் புனைபெயரிலேயே இருக்கிறது. வண்ணம் உரிந்து, ஓரம் துருப்பிடித்து, அதுவே ஆணியைவிட மோசமாகிவிடும். மே மாத வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அதன் தகட்டில் யாரும் உட்கார முடியாது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதமும் அதுதான்.

ஓய்வு பெறுவதற்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் எப்போதும் கடைசி. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தார்களே, அதற்கு அடுத்த வாரம் கடற்கரையில் அவனைப் பார்த்தேன். இரண்டு பிவிசி குழாய்களை மணலில் நட்டுக் கோபுரமாக்கியிருந்தான். நடுவே ஐஸ் பெட்டியின் பக்கப்பலகை. அதைக் கயிற்றில் கட்டி, குழாயின் மேல் வழியாக விட்டு, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களைத் தொங்கவிட்டிருந்தான். முதலில் மணல் அதிகமாகி, பலகை விசுக்கென்று மேலே ஏறி நின்றது. ஒவ்வொரு பிடியாக மணலைக் கொட்டினான். மிகவும் குறைந்துவிட்டால் பலகை தொப்பென்று விழும். மறுபடி ஒரு சிட்டிகை போடுவான். கடைசியில் பலகை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது. விரலால் தொட்டாலே ஏறும், இறங்கும்.

உண்மையான பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழுகிறது. அதற்கும் எதிர்எடைதான் துணை. 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிளந்து மேலே எழும். ஆட்கள் நின்று கையால் சுழற்றுவார்கள். "பழைய பாலத்தையும் செய்வாயா?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "அதற்கு இன்னும் நான்கு பேர் வேண்டும் சார்" என்றான்.

குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதை நாடு முழுக்கக் கொண்டுபோன அரவிந்த் குப்தா கான்பூர் ஐஐடியில் படித்தவர். 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். தீப்பெட்டி, சைக்கிள் ரப்பர் குழாய், உறிஞ்சுகுழல் இவைதான் அவருடைய ஆய்வுக்கூடம். எங்கள் பள்ளியிலும் அதைச் செய்து பார்த்தோம். ஆனால் மேசைமேல் வைத்து, முதல் படி, இரண்டாம் படி என்று நான் சொல்லச் சொல்லச் செய்ததற்கும், அந்தப் பையன் மணலில் தானாகச் செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. அவனுக்கு அங்கே மதிப்பெண் போட யாரும் இல்லை.

ஊர்நலம்:

கிராமச் செவிலியராக இருக்கிறேன். ஆணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆணி கண்ணுக்குத் தெரியும். குத்தினால் பிள்ளை அழும், தாய் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி ஊசியைத் தவறாமல் போட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எனக்குப் பயம் அழவைக்காத பொருள்களைப் பற்றித்தான்.

முதலாவது ஈயக்குண்டு. வலையின் அடிக்கயிற்றிலிருந்து கழன்ற ஈயத்தைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். தூண்டில் நரம்பில் பல்லால் கடித்துப் பொருத்துவார்கள். சற்றுப் பெரிய பையன்கள் பழைய டப்பாவில் போட்டு, கருவேல விறகில் உருக்கி, மணலில் குழி பறித்து ஊற்றி நங்கூரம் வார்ப்பார்கள். பார்க்க அபார வேலைப்பாடாக இருக்கும். ஆனால் அந்தப் புகையும் தூசியும் உடம்புக்குள் போனால் உடனே ஒன்றும் தெரியாது. வளரும் மூளையைத்தான் கெடுக்கும். இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டாவது, ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் இடத்தில் கிடக்கும் ஹார்டனர் புட்டி. ரெசினில் கலக்கும் அந்தத் திரவம் ஒரு துளி கண்ணில் தெறித்தாலே பார்வைக்கு ஆபத்து. தெறித்துவிட்டால் கசக்கக் கூடாது. நல்ல தண்ணீரை கால் மணி நேரமாவது ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஃபைபரை அறுத்த தூள் கிடக்கும் மணலிலும் பிள்ளைகள் உட்காரக் கூடாது.

மூன்றாவது, பழைய சாமானே இல்லை, வெறும் மணல். ஆளுயரக் குழி தோண்டிக் குகை அமைப்பார்கள். பக்கச் சுவர் சரிந்தால் ஒரு நிமிடத்தில் மூச்சு முட்டிவிடும். முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி வேண்டாம்.

இவற்றை நீக்கிவிட்டால் மீதி இருப்பவை மிதவை, பாய்த்துணி, கூடை, மரப்பலகை, குழாய். அவற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கயிறு இருக்கலாம், ஆனால் மரத்தில் சுருக்குப் போட்டுத் தொங்கவிடக் கூடாது.

வரைபடம்:

கட்டடக்கலை படிக்கிறேன், சொந்த ஊர் தேவிபட்டினம். இந்தத் தகராறு கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு. டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் அழகான விளையாட்டுத் திடல்கள் அமைத்தவர். பிள்ளைகளோ அவற்றை விட்டுவிட்டுக் கட்டுமான இடங்களிலும் பழைய சாமான் கிடங்குகளிலும் போய் விளையாடினார்கள். 1931-லேயே அவர் இதை எழுதினார். 1943-இல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த சமயத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் முதல் பழைய சாமான் திடல் திறக்கப்பட்டது. பலகை, செங்கல், மண்வெட்டி எல்லாம் உள்ளே. பிள்ளைகள் வீடு கட்டுவார்கள், இடிப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். 1946-இல் அதைப் பார்த்த ஆலன் சீமாட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். குண்டு விழுந்து தரைமட்டமான மனைகளில் அதே போன்ற திடல்கள் எழுந்தன. டோக்கியோவின் செதகயாவில் 1979-இல் தொடங்கிய ஹானெகி திடல் இன்றும் நடக்கிறது.

இடம் மாற்றக்கூடிய, சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற பொருள்கள் எத்தனை வகை இருக்கின்றனவோ அத்தனைக்கு அத்தனை அங்கே புதிதாக எதையாவது கண்டுபிடிக்க முடியும் என்று சைமன் நிக்கல்சன் 1971-இல் வாதிட்டார். சறுக்குமரத்தில் மேலே ஏறலாம், கீழே சறுக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் எம்ட்ரப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஜான் பெர்டெல்சன் என்று ஒருவர் வேலைக்கு இருந்தார். அப்படிச் செய், இப்படிச் செய் என்று சொல்வது அவர் வேலை அல்ல. சாமான் வந்து சேருகிறதா, ஆபத்தானது எது, அடிதடி எங்கே முற்றுகிறது என்று பார்த்துக்கொள்வதுதான். திடல் என்பது பாதி சாமான், பாதி அந்த ஆள். "எங்கள் பிள்ளைக்கு மட்டும் குப்பையா" என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை இருக்கிறது. யாரும் பார்க்காமல் கிடந்தால் அது குப்பை. காக்கா சொன்ன பழைய நாள்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உருக்கம் இல்லை. அந்த நாள்களில் காணாமல் போன கண்ணும் காலும் யார் நினைவிலும் இல்லை.

கீழக்கரைக் காக்கா:

தம்பி கடுமையாகச் சொன்னாலும் மறுக்க முடியவில்லை. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சறுக்குமரத்துக்கு நிதி கிடைக்கும். கல்வெட்டில் பெயரும் வரும். மாலையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு எந்தக் கணக்கில் பணம் எழுதுவார்கள்?

வடகடலான்:

அந்த வத்தை என்னுடையது. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

எல்லாரும் கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். தெர்மாகோலை எடுத்துக்கொண்டு அவர்கள் தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஐஸ் பெட்டி மூடியில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போவார்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடா) ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் அலை கரையைப் பார்த்து அடிக்கும். பிள்ளை பயந்து இறங்கவே இறங்காது. வடகடலில் அதே காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும். தண்ணீர் குளம்போலக் கிடக்கும், அலையே இருக்காது, தாய்மார் நிம்மதியாக இருப்பார்கள். அந்த அமைதியில்தான் மூடி சத்தமில்லாமல் வெளியே இழுபடும். இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தவன் திரும்பிப் பார்க்கும்போது கால் எட்டாது. தெர்மாகோலுக்குக் கனம் கிடையாது, காற்று சொல்கிற பக்கம் போகும். வத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அதனால் ஐஸ் பெட்டி கரையில் ஏலத்துக்கு இருக்கட்டும், கடலில் இறங்கக் கூடாது. உடைந்து உதிர்ந்தால் அந்த வெள்ளை மணிகள் முழுக்கக் கடலுக்குத்தான் போகின்றன, அதுவும் நல்லதில்லை. கப்பல் விட ஆசைப்பட்டால் கட்டை மிதவையில் பாய் கட்டி, நரம்பில் பிடித்துக்கொண்டு விடச் சொல்லுங்கள். பாயை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று நான் காட்டித் தருகிறேன்.

சின்னப்பாலம் மகள்:

என் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். நான் கல்லூரியில் படிக்கிறேன்.

அந்த ஏலக்காரப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கத்திலும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு பூங்கா வந்தது. முதல் மாதத்திலேயே பெரிய பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சீசாவில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்பிள்ளையும் அங்கே போவதில்லை. வலை பின்னும் பெண்களும், பாசி காயவைக்கும் பெண்களும் உட்காரும் கொட்டகைப் பக்கத்தில் மட்டும் பெண்பிள்ளைகள் இன்றும் விளையாடுகிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு பொங்குவார்கள், வீடு கட்டுவார்கள், ஏலம் விடுவார்கள். அம்மாவின் கண்ணில் இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கரைவலை அண்ணாவின் மூலைக்கும் பக்கத்தில் வலைக் கொட்டகை இருக்கிறதே. வரைபடம் அண்ணா சொன்ன அந்த ஆள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். சம்பளம்தான் இல்லை.

இன்னொன்று. விளையாட்டு வீட்டுக்குச் சுவர் வைக்கக் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். செத்ததாக இருந்தாலும் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை கண்டிப்பாக இருக்கும். வேறு கல்லா இல்லை?

உப்புக்காற்று:

வலைக் கொட்டகையில் உட்காருவது நான்தான் தங்கச்சி, என் நாத்தனாரும் உண்டு. வேலையோடு வேலையாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு ஒரு மதிப்பு இருப்பதை இப்போதுதான் ஒருவர் எழுதிப் பார்க்கிறேன்.

மனத்தில் கிடக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அங்கே பையன்கள் இன்னோர் ஆட்டமும் ஆடுகிறார்கள். நேவிக்காரன் ஆட்டம். வத்தையில் நான்கு பேர் மீன் பிடிப்பார்கள். டீசல் கேனைத் தட்டிக்கொண்டு மூன்று பேர் ரோந்துக் கப்பலாக வருவார்கள். பிடித்துக்கொண்டு போய் முள்வேலிக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள், அது சிறை. என் மகனுக்கு எப்போதும் பிடிபடுகிற வேடம்தான் வேண்டுமாம். அவன் சித்தப்பா உண்மையிலேயே இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர். இதை ஆடவிடலாமா, நிறுத்தச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

பாம்பன் வாத்தியார்:

நிறுத்த வேண்டாம் அம்மா. வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயத்தைப் பிள்ளை வேறெங்கே கேட்கும்? ஆட்டம் எப்படி முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

உப்புக்காற்று:

கவனித்திருக்கிறேன் சார். ஏலக்காரப் பெண் வந்து பூவரச இலை கட்டி மீட்டுப் போவாள். படகைத் திருப்பித் தர மாட்டார்கள். அதற்குத்தான் தினமும் சண்டை.

கரைவலை:

இவ்வளவையும் வைத்து ஊர்க்கூட்டத்தில் நான் கேட்கப் போவது இதுதான். பேவர் கல் வேண்டாம், மணல் மணலாகவே இருக்கட்டும். அந்தப் பணத்தில் பனையோலைக் கூரை போட்ட ஒரு நிழல் பந்தலும் குடிதண்ணீர்க் குழாயும் வேண்டும். ஊஞ்சல் இரண்டு வரட்டும், உப்புக்காற்று கேட்பது நியாயம். இரும்புச் சட்டம் இல்லாமல் மரக்காலில் கட்டலாம். வத்தையும் சாமான்களும் அப்படியே இருக்கும், ஆனால் எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று கொட்டகைப் பெண்கள் சொல்வதுதான் முடிவு. அவர்களுக்கு மாதம் ஏதாவது கொடுக்க வழி இருக்கிறதா என்றும் கேட்பேன். பதில் என்ன வரும் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்பேன்.

ஊர்நலம்:

ஈயத்துக்கு மூடி போட்ட ஒரு டப்பா வையுங்கள். பிள்ளைகள் கண்டெடுத்தால் அதில் போடட்டும், நிறைந்ததும் வலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பொறுக்காதே என்று சொன்னால் சட்டைப்பையில் ஒளித்துவைப்பார்கள். ஈயம் எடுத்த கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

வரைபடம்:

பழைய ஸ்பீக்கர்களில் இருக்கும் வட்டக் காந்தங்களை ஒரு கட்டையில் வரிசையாகப் பதித்து மணலில் இழுத்தால் ஆணிகள் ஒட்டிக்கொண்டு வரும். வாரம் ஒரு முறை பிள்ளைகளையே இழுக்கச் சொல்லுங்கள், போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். தூண்டில் முள்ளும் இரும்பாக இருந்தால் அதில் மாட்டும், துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மாட்டாமலும் போகலாம். அதற்குக் கண்ணால்தான் தேட வேண்டும்.

கீழக்கரைக் காக்கா:

ஸ்பீக்கர் காந்தம் என் வாப்பா வீட்டு மாடியில் மூட்டையாகக் கிடக்கிறது. யாராவது போய் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிவிடுகிறேன். பந்தலுக்கு என் பங்கும் உண்டு, கல்வெட்டு வேண்டாம்.

வடகடலான்:

ரெசின் கேனும் ஹார்டனர் புட்டியும் இனி என் கொட்டகையில் பூட்டுக்குள் இருக்கும், ஒட்டுப்போடுகிறவர்களிடம் பேசிவிட்டேன். வத்தையின் அடிப்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை நாளைக் காலையில் பிடுங்கிவிடுகிறேன். சுக்கானை மட்டும் யாரும் அடுப்புக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். பிடிபட்ட படகைத் திருப்பி வாங்க அது கட்டாயம் வேண்டும் என்று பையன்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள்.